இந்த வயதில் கால் ஏன் மரத்துப்போகிறது?

"இந்த வயதில் உனக்கென்ன கால் வலி?"

காலில் வலி, மரமரப்பு என்று சொன்ன இளைஞர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருப்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் அதற்குப் பிறகு வலிப்பவர் வாயைத் திறப்பதில்லை. கையில் கிடைத்த தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, தூங்கினால் சரியாகிவிடும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார். வேறு சிலர் நேர்மாறானவர்கள். இணையத்தில் தேடி, கண்ணில் பட்டதிலேயே மிகக் கொடிய நோய் எதுவோ அதுதான் தமக்கும் என்று முடிவுகட்டி, இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறார்கள்.

இரு தரப்பாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. இருபதுகளின் நடுவில், இடுப்பில் தொடங்கிப் பாதம் வரை இறங்கிய வலியோடு நெடுநாள் வாழ்ந்தவள். அந்த நாள்களில் தொடங்கிய வாசிப்பு இன்றுவரை நிற்கவில்லை. நான் கற்றுக்கொண்டதில் முதன்மையானது இது: வலியும் மரமரப்பும் காலில் சரியாக எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன செய்யும்போது வருகின்றன என்று நம்மால் சொல்ல முடிந்தால், காரணத்தைத் தேடும் வேலையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஸ்கேன் அதற்குப் பிறகுதான்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு நரம்பியல் மருத்துவர். நான் எம்.ஆர்.ஐ. படங்கள் இருந்த உறையை நீட்டினேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு பேனாவைக் கொடுத்தார். "மரத்துப்போயிருக்கும் இடத்தின் எல்லையைக் காலிலேயே வரையுங்கள்" என்றார். வரைந்தேன். கெண்டைக்காலின் பின்புறம், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல். பிறகு நுனிவிரல்களில் நடக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார், கணுக்காலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாணைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். அதன்பின்தான் உறையைப் பிரித்தார். படத்தில் எதைத் தேட வேண்டும் என்று அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

கீழ்முதுகிலிருந்து புறப்படும் ஒவ்வொரு நரம்பு வேருக்கும் காலில் தனிப் பகுதி உண்டு. எல்4 என்ற வேர் அழுத்தப்பட்டால் முழங்காலுக்குக் கீழே உட்புறத்தில் உணர்வு குறையும், முழங்காலைத் தட்டும்போது வரும் துள்ளல் மங்கும். எல்5 என்றால் புறங்காலும் கட்டைவிரலும். குதிகாலில் நடப்பது கடினமாகும். எஸ்1 என்றால் பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும். நுனிவிரலில் எம்ப முடியாது, கணுக்கால் துள்ளல் குறையும். ஆளுக்கு ஆள் எல்லைகள் சற்று மாறும் என்றாலும், பேனாவால் வரைந்த ஒரு கோடு எத்தனை சொல்லிவிடுகிறது என்று பாருங்கள்.

இளம் வயதில் ஒரே காலில் வலியும் மரமரப்பும் சேர்ந்து இறங்கினால், முதலில் சந்தேகிக்கப்படுவது முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க். ஜவ்வு விலகல் என்று பரவலாகச் சொல்லப்படுவது இதைத்தான். டிஸ்கின் நடுவில் மென்மையான கூழ், சுற்றிலும் உறுதியான வளையம். வளையம் கிழிந்து கூழ் வெளியே பிதுங்கினால் அருகிலிருக்கும் நரம்பு வேர் நசுங்குகிறது. நசுங்குவதால் மட்டுமல்ல, அந்தக் கூழில் இருக்கும் பொருள்கள் நரம்பில் அழற்சியை உண்டாக்குவதாலும் வலி வருகிறது. அதனால்தான் சிறிய பிதுக்கம் ஒருவரைத் துடிக்க வைக்கிறது, பெரிய பிதுக்கத்தோடு இன்னொருவர் சாதாரணமாக நடமாடுகிறார். சியாட்டிகா எனப்படும் இந்தக் கால்வலியைப் பண்டைக் காலம் முதலே மனிதர்கள் அறிந்திருந்தாலும், பிதுங்கிய டிஸ்க்தான் அதற்குப் பெரும் காரணம் என்பது 1934-இல் மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே பரவலாக ஏற்கப்பட்டது.

படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்லத் தூக்கிப் பார்ப்பது எளிய சோதனை. பிரெஞ்சு மருத்துவர் லசேக்கின் பெயரால் வழங்கும் இதை 1881-இல் எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட். 30 முதல் 70 பாகைக்குள் தூக்கும்போது முழங்காலுக்குக் கீழே சுள்ளென்று வலி பாய்ந்தால் நரம்பு வேர் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். தொடையின் பின்புறத்தில் மட்டும் இழுத்துப் பிடித்தால் அது பெரும்பாலும் தசையின் இறுக்கம். நல்ல காலைத் தூக்கும்போது வலிக்கும் காலில் வலி தெறித்தால், டிஸ்க் பிதுக்கத்துக்கு அது இன்னும் வலுவான சான்று.

இங்கே ஸ்கேன் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015-இல் வெளிவந்தது. அதன்படி, எந்தத் தொந்தரவும் இல்லாத 20 வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 30 விழுக்காட்டினருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. ஆகவே ஸ்கேன் அறிக்கையில் "டிஸ்க் புடைப்பு" என்று பார்த்தவுடன் வாழ்க்கையே முடிந்ததாக அழ வேண்டாம். அந்தப் புடைப்பு இருக்கும் மட்டமும் பக்கமும், காலில் மரத்திருக்கும் இடத்தோடு பொருந்துகின்றனவா என்பதே கேள்வி. பொருந்தவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பவரிடமிருந்து எழுந்து வந்து இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

டிஸ்க் பிதுக்கத்தால் வரும் கால்வலி, பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே தணிகிறது. பிதுங்கிய பகுதியை உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அரித்துக் கரைத்துவிடுகின்றன. முற்றிலும் உடைந்து தனியே விழுந்த துண்டு, லேசான புடைப்பைவிட அதிகமாகக் கரைகிறது என்று படித்தபோது எனக்கு வந்த நிம்மதியை விவரிக்க முடியாது. அதுவரை "பெரிய துண்டு" என்ற சொல்லையே நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன். நாள்கணக்கில் படுக்கையிலேயே கிடப்பது குணத்தை விரைவுபடுத்துவதில்லை. தாங்க முடிந்த அளவுக்கு நடமாடுவதே நல்லது.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. தண்டுவடம் கீழ்முதுகின் முதல் முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் கொத்தாக இறங்குகின்றன. பெரிய பிதுக்கம் அந்தக் கொத்து முழுவதையும் நசுக்கினால், குதிரைச் சேணத்தில் அமரும்போது உடலில் எந்தப் பகுதி படுமோ அந்தப் பகுதி, அதாவது ஆசனவாயைச் சுற்றியும் பிறப்புறுப்பிலும் உள்தொடையிலும், மரத்துப்போகும். சிறுநீர் வருவது தெரியாது, அல்லது முக்கினாலும் வராது. மலம் கட்டுப்பாடின்றிப் போகலாம், பாலுறவில் உணர்வு குறையலாம், இரண்டு கால்களும் தளரலாம். காடா ஈக்வைனா என்ற இந்த நிலையில் மணிக்கணக்குதான் பேச்சு. நசுக்கத்தை 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே, அறுவை சிகிச்சையால் நீக்க வேண்டும். தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகவே போய்விடலாம். இளைஞர்கள் இந்த இடத்தில் கூச்சப்படுகிறார்கள். கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, கழிப்பறையில் துடைக்கும்போது உணர்வே தெரியவில்லை என்பதை மறைக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வாக்கியமாக அதையே சொல்லுங்கள்.

எல்லாக் கால் மரமரப்பும் முதுகிலிருந்து வருவதில்லை. போகும் வழியில் எங்கு வேண்டுமானாலும் நரம்பு நசுங்கலாம். தொடையின் வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு எரிந்து, மரத்து, துணி பட்டாலே கூசுகிறதா? காலில் பலக்குறைவு எதுவும் இல்லையா? இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே தொடைக்குள் நுழையும் தோல் நரம்பு ஒன்று அழுந்தியிருக்கலாம். மெரால்ஜியா பரெஸ்தெடிகா என்று இதற்குப் பெயர். 1895-இல் பெர்ன்ஹார்ட், ரோத் ஆகிய மருத்துவர்கள் இதைத் தனித்தனியே விவரித்தார்கள். மனப்பகுப்பாய்வுக்காக உலகம் அறிந்த சிக்மண்ட் ஃப்ராய்டுக்கும் இது இருந்தது; அதே ஆண்டில் அவரும் இதைப் பற்றி எழுதினார். அந்த நரம்பு தசை எதையும் இயக்குவதில்லை. அதனால் கால் எந்நாளும் தளராது. இறுக்கமான பெல்ட், இறுகப் பிடிக்கும் கால்சட்டை, வேகமாக ஏறிய எடை, கர்ப்பம் ஆகியவை வழக்கமான காரணங்கள். இறுக்கத்தைத் தளர்த்தினாலே பலருக்கு அடங்கிவிடும்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் குமிழ் மாதிரி ஓர் எலும்பு தட்டுப்படும். தொட்டுப் பாருங்கள். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு வெகு அருகில் ஒரு நரம்பு போகிறது. கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்வதும், மணிக்கணக்கில் குந்தியிருப்பதும் அதை அழுத்தும். உடல் எடையைச் சட்டென்று குறைத்தவர்களுக்கு அதைக் காக்கும் கொழுப்பும் போய்விடுவதால் இன்னும் எளிதில் நசுங்கும். புறங்கால் மரத்து, பாதத்தை மேலே தூக்க முடியாமல் நடக்கும்போது விரல்கள் தரையில் உரசும். எல்5 வேர் நசுங்கினாலும் இப்படித்தான் ஆகும் என்பதால் குழப்பம் வருகிறது. பாதத்தை உட்புறமாகத் திருப்பும் பலம் குறையாமல் இருந்தால் சிக்கல் முழங்காலருகே. அதுவும் குறைந்திருந்தால் முதுகைப் பார்க்க வேண்டும். 2015-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பதிவு செய்த நிகழ்வு ஒன்று உண்டு. 35 வயதுப் பெண் ஒருவர், உடலை இறுகப் பிடிக்கும் ஜீன்ஸ் அணிந்து, அலமாரிகளைக் காலி செய்வதற்காகப் பல மணி நேரம் குந்தியிருந்தார். மாலையில் பாதம் மரத்து, தடுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்தார். கெண்டைக்கால்கள் வீங்கியிருந்ததால் ஜீன்ஸை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. சில நாள் சிகிச்சைக்குப் பிறகு நடந்தே வீடு திரும்பினார்.

இரண்டு பாதங்களும் விரல் நுனியில் தொடங்கிச் சமமாக மரத்துக்கொண்டு, மெல்ல மேலே ஏறினால் கதையே வேறு. அப்போது ஒரே இடத்து நசுக்கத்தைத் தேடுவதில் பயனில்லை, இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். நீரிழிவு இளைஞர்களுக்கும் வருகிறது. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் நீரிழிவு. தைராய்டு குறைபாடும் நெடுநாள் மதுப்பழக்கமும் நரம்பைக் கெடுக்கும்.

இவற்றைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வைட்டமின் பி12 குறைபாட்டை. இது இயல்பாகக் கிடைப்பது விலங்குவழி உணவுகளில்தான். கல்லீரல் சில ஆண்டுகளுக்குத் தேவையானதைச் சேமித்து வைத்திருப்பதால், உணவு மாறிய உடனே எதுவும் தெரியாது. பின்னர் ஒருநாள் பாதங்களில் ஊசி குத்தல் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் உடல் தள்ளாடும், ஏனென்றால் பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தியைக் கொண்டுபோகும் தண்டுவடப் பாதை பழுதாகியிருக்கும். இரத்தசோகை இல்லாமலேயே இது நேரலாம். ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் இரத்தசோகை சரியாகி நரம்புச் சேதம் மட்டும் தொடரும், இதுதான் ஆபத்து. போதைக்காக நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை இழுக்கும் இளைஞர்களுக்கு, உடலில் இருக்கும் பி12 செயலிழந்து கால்கள் மரத்துப்போகின்றன. நடக்க முடியாமல் போனவர்களும் உண்டு. காலத்தில் கண்டுபிடித்தால் ஊசியால் மீட்கலாம், தாமதித்தால் முழுதும் மீளாது.

நரம்புக்கு நல்லது என்று தாமாகவே வைட்டமின் மாத்திரைகளை விழுங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நாளுக்கு 2 முதல் 6 கிராம் வரை எடுத்துக்கொண்ட 7 பேருக்கு உணர்வு நரம்புகள் சேதமானதை 1983-இல் வெளிவந்த கட்டுரை விவரித்தது. அதைவிட வெகு குறைந்த அளவுகளிலும் பாதிப்பு வரக்கூடும் என்பதால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை நாளுக்கு 12 மில்லிகிராமாக வைத்தது. மரமரப்புக்கு மருந்தென்று எடுத்துக்கொள்வதே மரமரப்பை வளர்க்கிறது என்றால் அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? மாத்திரைப் பட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டால் உணர்வில்லை என்றால் தொழுநோய்க்கான சோதனை தேவை. இது ஹான்சன் 1873-இல் கண்டறிந்த கிருமியால் வருவது. கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகும். வெட்கத்தால் மறைப்பவர்கள்தான் பாதத்தை இழக்கிறார்கள்.

இணையத்தில் தேடுபவர்கள் முதலில் பயப்படுவது, மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளின் உறையைக் கெடுக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது, பெண்களுக்கு அதிகம் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் உட்கார்ந்து எழுந்ததும் ஐந்து நிமிடம் மரத்துப் பிறகு தெளிவது அதன் இயல்பு அல்ல. அதன் மரமரப்பு 24 மணி நேரத்துக்கு மேல், வழக்கமாக நாள்கள், வாரங்கள் நீடிக்கும். கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் இறங்குவதாகத் தோன்றலாம்; ஒரு கண்ணில் பார்வை வலியோடு மங்கலாம். நாள்களில் வளரும் இன்னொரு நோய் கில்லன்-பாரே. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து ஓரிரு வாரங்கள் கழித்து இரண்டு பாதங்களிலும் கூச்சம் தொடங்கி, பலக்குறைவு மேல்நோக்கி ஏறும். மூச்சுத் தசைகளை எட்டக்கூடும் என்பதால் அன்றைக்கே மருத்துவமனை.

நரம்பை விட்டு இரத்த ஓட்டத்துக்கு வந்தால், இளைஞர்களிடம் அதிகம் தவறவிடப்படுவது ஓடுபவர்களின் கால்வலி. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அதே தூரத்தில் கெண்டைக்கால் இறுகி, வலித்து, பாதம் மரத்து, நின்றதும் தணியும். ஓய்வாக இருக்கும்போது சோதித்தால் எதுவும் புலப்படாது. தசைகளைச் சுற்றியிருக்கும் உறைக்குள் அழுத்தம் ஏறுவதுதான் காரணம் என்றால், ஓடி முடித்த கையோடு அதை அளந்தால்தான் தெரியும். முழங்காலுக்குப் பின்னால் தமனி தசையில் சிக்கினாலும் இதே மாதிரி வரும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். நெடும்பயணம், அறுவை சிகிச்சை, கர்ப்பம், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ஆகியவை அதற்கு வழிவகுக்கும். அந்தக் காலை யாரும் தேய்த்துவிட வேண்டாம். அன்றே பரிசோதனை தேவை. மூச்சுத்திணறல் சேர்ந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள். புகையிலைப் பழக்கம் உள்ள இளைஞருக்கு விரல்கள் குளிர்ந்து, நிறம் மாறி, நடந்தால் பாதம் வலித்தால், லியோ பர்கர் என்ற மருத்துவர் 1908-இல் விரிவாக விவரித்த, கை கால்களின் இரத்தக் குழாய்கள் அழற்சியால் அடைபடும் பர்கர் நோய் நினைவுக்கு வர வேண்டும். புகையிலையை அடியோடு விடுவதே அதற்கு முதல் சிகிச்சை. குறைத்துக்கொள்வது போதாது.

புட்டத்தில் வலி, ஒரு வாரம் இடப்பக்கம், ஒரு வாரம் வலப்பக்கம். பின்னிரவில் விழிப்பு வருகிறது, காலையில் அரைமணிக்கும் மேல் விறைப்பு, நடமாடினால் குறைகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது. இதைப் பல ஆண்டுகள் சியாட்டிகா என்று நினைத்தே கழித்தவர்கள் உண்டு. உண்மையில் அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக, அன்கைலோசிங் ஸ்பான்டிலைடிஸாக இருக்கலாம். இந்நோய் பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்குவது. இதில் மரமரப்பு பொதுவாக இருக்காது. கண் சிவந்து வலித்த அனுபவமும் இருந்தால் மூட்டு வாத மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதற்றத்தாலும் கை கால் மரக்கும். மூச்சு வேகமாகி இரத்தத்தில் கரியமில வாயு குறையும்போது உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் கூச்சம் வருவது உடலில் உண்மையாகவே நடப்பது, கற்பனை அல்ல. ஆனால் நன்றாகச் சோதித்துப் பார்க்காமல் இளம்பெண் ஒருத்தியிடம் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எனக்கும் அது நடந்தது. கணுக்கால் துள்ளலை அன்று யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

நரம்புக் கடத்தல் சோதனை இயல்பாக வந்தாலும் கேள்வி முடிந்துவிடாது. அது தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது. எரிச்சலையும் சூட்டையும் உணரும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் முடிவு இயல்பாகவே இருக்கும். அதைக் காண, தோலில் சிறு துண்டெடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

குணமாகும் வேகமும் காரணத்தைப் பொறுத்தது. நரம்பின் மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால் வாரங்களில் தெளியும். உள்ளிழையே அறுந்திருந்தால் அது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்காலிலிருந்து விரல் வரை போய்ச்சேர ஓராண்டுக்கு மேல்கூட ஆகலாம். பலருக்கு வலிதான் முதலில் போகிறது, மரமரப்பு பின்தங்கி நிற்கிறது. எனக்கும் அப்படியே. அதுவரை மரத்த பாதத்தை நாள்தோறும் கண்ணால் பார்க்க வேண்டும், ஏனென்றால் கொப்புளமோ வெட்டோ அங்கே வலிக்காது. வெந்நீரில் அந்தக் காலை வைக்கும் முன் கையால் சூடு பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நுனிவிரலால் எம்பிப் பாருங்கள், குதிகாலில் நின்றும் பாருங்கள். போன வாரம் முடிந்தது இந்த வாரம் முடியவில்லை என்றால், வலி குறைந்திருந்தாலும் மருத்துவர் குறித்துக்கொடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள்.